மூன்று விரல் தள்ளி அமுக்கவும்

நான் படித்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பி.காம். தூத்துக்குடியில் ஒரு ஏற்றுமதி ஆபீசில் இருபத்தெட்டு வருஷமாகக் காகிதம் பார்க்கிறேன். கன்டெய்னரில் ஏறுகிற சரக்குக்கும் அதோடு போகிற காகிதத்துக்கும் ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். இன்வாய்சில் நானூற்றிப் பன்னிரண்டு பெட்டி, பேக்கிங் லிஸ்டில் நானூற்றிப் பதினொன்று என்றால் அன்றைக்கு ஆபீசில் ஒருத்தரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. "அண்ணாச்சி, அது டைப்பிங் மிஸ்டேக்" என்பார்கள். "டைப் அடிச்சது மனுசனா, பேயா?" என்று குதிப்பேன். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை.

அப்பேர்ப்பட்ட நான்தான் போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வயிறு முட்ட மீன்குழம்புச் சோறு தின்றுவிட்டு, வலது மணிக்கட்டில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மச்சினன் கையில் கொடுத்துவிட்டு, கனவுக்குள் முங்கப் படுத்தேன். சிரிப்பு வருகிறதா? வரட்டும். காரணத்தையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் மனைவி போய் அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது. அவள் போன அன்று காலை நான் மேஜையில் உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டே இட்லி தின்றுகொண்டிருந்தேன். ஏதோ ஒரு கன்டெய்னர் ஹார்பர் கேட்டில் நிற்கிறது, காகிதம் சரியில்லை என்று ஆபீஸ் குரூப்பில் ஒரே சண்டை. அவள் அடுக்களை வாசலில் வந்து நின்று என்னமோ சொன்னாள். நான் "ம்" என்றேன். கொஞ்சம் நின்றுவிட்டு, "கேட்டியளா?" என்றாள். அதற்கும் "ம்" போட்டேன். கையைக் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

அவள் என்ன சொன்னாள்? அது ஒன்றுதான் எனக்குத் தெரியவேண்டும். கேஸ் புக் பண்ணச் சொல்லியிருக்கலாம். மகளுக்கு ஒரு போன் போடச் சொல்லியிருக்கலாம். வரும்போது கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்லியிருக்கலாம். இல்லையென்றால், "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். அவள் அதைச் சொல்லி, நான் அதற்கு "ம்" போட்டுவிட்டுப் போயிருந்தால் என்ன செய்வது? துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் "காலைல நல்லாத்தான் இருந்தா" என்று சொன்னேன். நல்லா இருந்தாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் முகத்தையே நான் பார்க்கவில்லை. இதை ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.

பிறகு அவள் கனவில் வர ஆரம்பித்தாள். எப்போதும் அதே காட்சிதான். பச்சை நைட்டி, தோளில் துண்டு, அடுக்களை வாசல். வாயைத் திறந்து என்னமோ சொல்வாள். நான் கனவிலும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்! கனவிலும் "ம்" என்பேன்! செத்துப்போனவள் எதிரே வந்து நிற்கிறாள், இதைவிடப் பெரிய தப்பு ஒரு காகிதத்தில் வருமா? பெட்டி ஒன்று குறைந்தால் கண்டுபிடிக்கிற என் கண்ணுக்கு அது மட்டும் தெரியாது. விழித்ததும் என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போல இருக்கும். ஒரு தடவை நிஜமாகவே கன்னத்தில் ஒன்று விட்டேன், வலித்ததுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு வீடியோ வந்தது. நான் தேடவில்லை, அதுவாக வந்தது. தாடி வைத்த ஒரு தம்பி, கண்ணைக்கூட இமைக்காமல் பேசினார். கனவு காணும்போதே இது கனவு என்று தெரிந்துகொள்ளலாமாம். தெரிந்துவிட்டால் அதற்குள் நம் இஷ்டப்படி நடக்கலாம், பேசலாம், கேள்வி கேட்கலாம். வழி ரொம்ப லேசு. உள்ளங்கை முடிகிற கோட்டிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புக்கு நடுவில் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். அமுக்கிக்கொண்டே "இது கனவா?" என்று கேட்க வேண்டும். பகல் முழுக்கக் கேட்டுப் பழகினால், பழக்கதோஷத்தில் கனவிலும் கேட்போம், உடனே குட்டு வெளிப்பட்டுவிடும். வேறு யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் "போலே, சோலியப் பாரு" என்றிருப்பேன். அன்றைக்கு அந்த வீடியோவை ஆறு தடவை பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அமுக்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் அமுக்கினேன், லிஃப்டில் அமுக்கினேன். மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் எல்லோரும் முழங்காலிட்டிருக்கும்போது அமுக்கினேன். பில்லில் கையெழுத்துப் போடுமுன் ஒரு அமுக்கு, போட்டபின் ஒரு அமுக்கு. உதடும் அசையும் போலிருக்கிறது. ஆபீசுக்குக் கீழே டீக்கடை அண்ணாச்சி நாலு நாள் என்னைக் கவனித்துவிட்டு, ஐந்தாம் நாள் கிளாசை வைக்கும்போது குனிந்து, "நாடி பிடிச்சுப் பாக்கியளோ? துடிப்பு விட்டு விட்டு வருதா?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்ல" என்றேன். "இல்லன்னுதான் எல்லாரும் சொல்லுவாவ" என்றார். அரைமணி நேரத்தில் செய்தி மாடி ஏறிவிட்டது. பொண்டாட்டி போன மாதிரி இவரும் போய்விடுவார் என்று ஆபீசே கூடி என்னை ஆட்டோவில் ஏற்றி ஈசிஜி எடுக்கக் கூட்டிக்கொண்டு போனது. நெஞ்செல்லாம் பசையைத் தடவி ஒயரை ஒட்டிப் படுக்கப்போட்டார்கள். அப்போதும் என் கட்டைவிரல் மணிக்கட்டில்தான் இருந்தது. "இது கனவா?" என்று கேட்டேன். "கையை எடுங்க சார், கோடு ஆடுது" என்று நர்ஸ் அதட்டினார். கனவில்லை என்று தெளிவாகிவிட்டது.

ஈசிஜி விஷயம் அன்று சாயங்காலமே கோயம்புத்தூரில் படிக்கிற மகளுக்குப் போய்விட்டது. அழுதுகொண்டே போன் போட்டாள். வேறு வழியில்லாமல் பாதி உண்மையைச் சொன்னேன். கனவில் அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும், அதற்கான பயிற்சி இது என்றேன். என்ன கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவள் "அப்பா, கனவுல வாரது அம்மா இல்லப்பா. உங்க மூளைதான். உங்களுக்குத் தெரியாத ஒண்ண அது எப்படிப்பா சொல்லும்?" என்றாள்.

"நீ படிச்சது போதும், போன வை" என்று கத்தினேன். பிள்ளை சரியாகச் சொன்னால் எந்த அப்பனுக்குத்தான் பிடிக்கிறது.

அமுக்குவதில் ஒரு சிக்கல் இருந்தது. தூங்கும்வரை விரல் அமுக்கும், தூங்கியதும் விரலும் தூங்கிவிடும். கனவு வரும் நேரத்தில் கை எங்கோ தலையணைக்கு அடியில் கிடக்கும். அந்த இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்துக் கட்டினால் என்ன என்று யோசித்தேன். கர்ச்சீப் நழுவியது. வாட்ச் வார் இளகியது. அப்போதுதான் என் மண்டையில் ஆபீஸ் மேஜையின் கீழ் டிராயர் மின்னியது. அதற்குள் கன்டெய்னர் கதவில் மாட்டுகிற பிளாஸ்டிக் சீல் கட்டுக்கட்டாகக் கிடந்தது. வால் மாதிரி இருக்கும், முனையை ஓட்டைக்குள் விட்டு இழுத்தால் இறுகிக்கொள்ளும். இறுகும், ஆனால் இளகாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும், அதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். இருபத்தெட்டு வருஷம் அதைக் கையாண்ட எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆபீசிலிருந்து வந்து, புளியங்கொட்டையை வைத்து, சீலைச் சுற்றி, பல்லால் கடித்து இழுத்தேன்.

மூன்று மணிக்கு விழித்தபோது கை வீங்கி ஊதா நிறத்தில் இருந்தது. விரல் ஒவ்வொன்றும் கத்தரிக்காய் மாதிரி. அவள் வரவில்லை. கன்டெய்னர் கதவில் கை மாட்டிக்கொண்டதாகக் கனவு. கத்தரிக்கோலைத் தேடினேன். தையல் பெட்டியில் இல்லை, அடுக்களையில் இல்லை, அலமாரியில் இல்லை. பத்து மாதமாக இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன், அவள் கத்தரிக்கோலை எங்கே வைப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. அரிவாள்மனையைப் பார்த்தேன், நரம்புக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகப் பயமாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, கையைத் துண்டால் மூடிக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஆபீசுக்கே ஓடினேன். வாட்ச்மேன் கட்டரை எடுத்துக்கொண்டு வந்து துண்டை விலக்கிப் பார்த்தார். சீலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"கஸ்டம்ஸ்காரவ இல்லாம சீல ஒடைக்கப்படாதே அண்ணாச்சி."

"வெட்டுய்யா!" என்று அலறினேன்.

வெட்டியவர், வெட்டிய துண்டைப் பத்திரமாக என் கையிலேயே கொடுத்து, "நம்பர் இருக்கு, எழுதி வச்சுக்கிடுங்க" என்றார். ஊரை நான் படுத்தின பாட்டுக்கு ஊர் எனக்கு அன்றைக்குத் திருப்பிக் கொடுத்தது.

அடுத்த நாள் ஞாயிறு. ஞாயிறு என்றால் மச்சினன் வருவான். என் மனைவிக்கு ஒரே தம்பி. வேம்பாரிலிருந்து பைக்கில் வருவான், ஹேண்டிலில் ஒரு பையில் மீன் தொங்கும். அக்காவுக்கு மீன் கொண்டுவந்து கொடுத்துப் பழகியவன் அக்கா போன பிறகும் நிறுத்தவில்லை. கொண்டுவந்து, அவனே ஆய்ந்து, அவனே குழம்பு வைத்து, என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அவன் கடலில் முங்கிச் சங்கு எடுக்கிற ஆள். காது கெட்டுப்போனதால் இப்போது கீழே இறங்குவதில்லை, வள்ளத்தில் உட்கார்ந்து முங்குகிறவனுடைய காற்று ட்யூபையும் இடுப்புக் கயிற்றையும் பார்த்துக்கொள்கிறான். ஞாயிறு அவர்கள் கடலுக்குப் போவதில்லை.

சோறு போடும்போது என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டான். சுற்றிச் சிவப்பாக வளையம், நடுவில் புளியங்கொட்டை பதிந்த தடம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"ஏன் அத்தான் இப்படிப் பண்ணுதிய?" என்றான். "புள்ள இருக்கால்லா? நான் இருக்கேன்லா?"

அவன் என்ன நினைக்கிறான் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, சாகதுக்கு இல்லலே! கனவுக்கு!" என்றேன். வீடியோ, மூன்று விரல், ஈசிஜி, சீல், வாட்ச்மேன் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். விழுந்து விழுந்து சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பம்ப் ரிப்பேரை யோசிக்கிறவன் மாதிரி யோசித்தான்.

"தன்னால முடியாது அத்தான்," என்றான். "கடலுக்கு அடியில போயிட்டா ஆளுக்கு அடியில இருக்கோம்ங்கதே மறந்துரும். எத்தன பேரப் பாத்துருக்கேன். மேல ஒருத்தன் இருந்து ஞாபகப்படுத்தணும்."

"அதுக்கு?"

"கயிறு கட்டணும். நான் பிடிக்கேன்."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் சாத்தான்குளம் பக்கம், செம்மணல் தேரிக்காட்டுக்காரன். எங்கள் ஊரில் முட்டளவு தண்ணீர் தேங்கினால் வேடிக்கை பார்க்கப் போவோம். அவர்கள் கடற்கரைக்காரர்கள். இரண்டு பக்கமும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்தான், மற்றபடி ஒன்றும் ஒட்டாது. கல்யாணத்தன்று அப்போது பத்தொன்பது வயதான இவனை என் முன்னால் நிறுத்தி, "இனி உமக்குக் கயிறு பிடிக்க ஆள் ஆச்சு" என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு விளங்கவில்லை. முத்துக் குளித்த காலத்திலிருந்தே அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருத்தன் முங்கினால் மேலே கயிறு பிடிக்கிறவன் அவன் பொண்டாட்டியின் கூடப் பிறந்தவனாக இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பியை நம்பமாட்டார்கள், பங்காளிக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். மச்சினன் விடமாட்டான். விட்டால் அவன் அக்காள்தானே தாலி அறுக்க வேண்டும். "நான் பஸ்ல வேலைக்குப் போறவன், எனக்கு எதுக்குக் கயிறு?" என்று அன்று வாயடித்தேன். இருபத்தைந்து வருஷம் கழித்து, துணி காயப்போடக் கொடியாகக் கட்டியிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்து, அவனே என் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டான். புளியங்கொட்டை இருந்த அதே இடத்தில், மூன்று விரல் அளந்து.

கட்டிலில் நான் படுத்தேன், தரையில் சுவரில் சாய்ந்து அவன் உட்கார்ந்தான். குறட்டை விட ஆரம்பித்தால் கொஞ்சம் பொறுத்து மெதுவாக ஒரு இழுப்பு. அந்த அழுத்தம் கனவுக்குள் வந்து "இது கனவு" என்று எனக்குச் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு. நான் கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். அவன் எழுந்து நின்று, காலை அகட்டி, இரண்டு கையாலும் கயிற்றை மடமடவென்று சுருட்டி இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே! கொல்லப் பாக்கியா?"

"பதில் வரலியே அத்தான்!" அவனுக்கு மூச்சு வாங்கியது.

திரும்பவும் படுத்தேன். திரும்பவும் அதே கதை, இந்தத் தடவை கட்டில் கால் முழங்காலில் இடித்தது. "தூங்குதவன் எப்படிலே பதில் சொல்லுவான்? அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினேன்.

"தெரியுது அத்தான். ஆனா கை கேக்க மாட்டேங்குது." அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான். "ஒரு இழுப்பு குடுப்போம். கீழ இருக்கவன் திருப்பி ஒரு இழுப்பு குடுக்கணும். குடுக்கலன்னா தூக்கிரணும். அதே மாதிரி, அவன் ஒரு இழுப்பு குடுத்தா நாம ஒடனே பதில் குடுக்கணும். வேற சோலி பாக்கப்படாது, யோசிக்கப்படாது. யோசிக்க நேரத்துல ஆளு போயிரும்."

நான் முழங்காலைத் தடவிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். வாயில் வந்த வசவெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பத்து மாதமாகப் பொத்திவைத்தது அவன் முன்னால் உடைந்தது. "மாப்ள, அன்னைக்குக் காலைல ஒங்க அக்கா எங்கிட்ட ஒண்ணு சொன்னா. ரெண்டு தரம் கேட்டா. நான் போனப் பாத்துக்கிட்டு ம் போட்டேன். என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. நெஞ்சு வலிக்குன்னு சொன்னாளோ என்னமோ. அவ இழுத்துருக்கா, நான் மேல சும்மா உக்காந்து இருந்துருக்கேன்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். ஐம்பத்திரண்டு வயசு ஆள், கையில் கொடிக்கயிறு வேறு.

அவன் கயிற்றைக் கீழே வைத்தான். வெளியே போனான். குழாயடியில் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு பைக் சத்தம் கேட்டது. போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க ஒருதடவைகூட நான் மணிக்கட்டை அமுக்கவில்லை. இது கனவில்லை என்று நன்றாகத் தெரிந்தது. மச்சினன் கயிறு பிடிப்பது அக்காளுக்காகத்தான், அக்காளே இல்லையென்றால் அவனுக்கும் எனக்கும் என்ன இருக்கிறது? அதுவும் அக்கா கூப்பிட்டு, காது கொடுக்காத ஒருத்தனுக்காக நாற்பது கிலோமீட்டர் அவன் ஏன் வர வேண்டும்? ஆபீசில் ஒரு பேக்கிங் லிஸ்டில் பதினேழு பெட்டி குறைந்திருந்ததை நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். என் வரலாற்றில் முதல் தடவை. எல்லோரும் இன்னொரு ஈசிஜி எடுக்கலாமா என்று பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கேட்டிலேயே நின்றேன். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. போன் போட்டுப் பார்க்கலாம்தான், வெட்கம் விடவில்லை. பன்னிரண்டரைக்குத் தெருமுனையில் பைக் திரும்பியது. ஹேண்டிலில் பை தொங்கியது. கட்டைவிரல் தானாக மணிக்கட்டுக்குப் போனது.

"வெளமீன் கெடைக்க லேட்டாயிட்டு" என்றான். ஆய்ந்தான், குழம்பு வைத்தான், சாப்பிட்டோம். பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "கையக் குடுங்க" என்றான்.

இந்தத் தடவை அவன் இழுக்கவில்லை. கயிற்றைத் தொய்யவிடாமல், இறுக்காமல், மடியில் வைத்துச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தான். மறுமுனையில் ஆள் இருக்கிறது என்பது மட்டும் மணிக்கட்டில் தெரிந்தது.

அவள் வந்தாள். பச்சை நைட்டி, துண்டு, அடுக்களை வாசல். எனக்கு முன்னால் இட்லித் தட்டு, வலது கையில் போன். அவள் வாயைத் திறந்து என்னமோ சொன்னாள். நான் "ம்" சொல்லப் போனேன். கை கீழே போயிற்று. போனை முகத்துக்கு நேரே தூக்குகிறேன், கை வரமாட்டேன் என்கிறது, மணிக்கட்டில் ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. என்னடா இது என்று குனிந்து பார்த்தேன். போனில் ஒரு கன்டெய்னர் நம்பர். ஏழு இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இலக்கம் இருந்தது. தப்பு! இது கனவு! இவள் செத்துப்போனவள்! இருபத்தெட்டு வருஷ உத்தியோகம் கடைசியில் ஒரு காரியத்துக்கு உதவிற்று. போனைச் சட்னிக்குள் கவிழ்த்தேன்.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை இருந்தது, வலது புருவத்துக்கு மேல் அந்த மச்சம் இருந்தது, எனக்கு அது மறந்தே போயிருந்தது. "என்ன சொன்ன? நான் கேக்கல. இப்பக் கேக்கேன், சொல்லு" என்றேன்.

அவள் துண்டில் கையைத் துடைத்தாள். என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விழித்தபோது காது இரண்டும் நனைந்திருந்தது. மச்சினன் அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தான், கயிறு அவன் மடியில் இருந்தது.

"வந்தாளா?"

"வந்தா. கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்ல, போங்கன்னுட்டா."

அவன் என்னைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில் வந்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு பார்த்தால் அவன் அழுதுகொண்டிருந்தான். "அக்காதான் அத்தான். அது அக்காவேதான்" என்றான். "ரெண்டு தரம் சொல்லுவா. மூணாவது தரம் நாம கேட்டா ஒண்ணுமில்லம்பா. அம்மாட்டயும் அப்படித்தான், எங்கிட்டயும் அப்படித்தான். வலிச்சிருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பா."

மகள் சொன்னது சரிதான். எனக்குத் தெரியாததைக் கனவு சொல்லவில்லை. கூட வாழ்ந்த காலமெல்லாம் தலையை நிமிர்த்தி "என்ன சொன்ன?" என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் எனக்குக் கிடைத்த பதில் அதுதான். வலித்ததா, கறிவேப்பிலையா, இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அது எனக்கு இப்போதும் வலிக்கிறது, ஆறிவிட்டது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த மச்சம் கிடைத்தது.

நான் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், அவிழவில்லை, கடற்கரை முடிச்சு. அவனே அவிழ்த்தான். அவிழ்த்தவன் கயிற்றைச் சுருட்டவில்லை. தன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, மூன்று விரல் வைத்துப் பார்த்து, முனையை என்னிடம் நீட்டினான்.

"எனக்கும் அவட்ட ஒண்ணு கேக்கணும் அத்தான்" என்றான். என்ன என்று நான் கேட்கவில்லை. அவன் கட்டிலில் ஏறிச் சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்தான். நான் தரையில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். தேரிக்காட்டுக்காரன் ஒருத்தன் கயிறு பிடிப்பதை அவர்கள் ஊரில் பார்த்திருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள். தொய்யவிடக் கூடாது, இறுக்கவும் கூடாது. சட்டைப்பையில் போன் அடித்தது. யாரென்று பார்க்காமல் அணைத்து மேஜைக்கு அடியில் தள்ளினேன்.

கொஞ்சநேரத்தில் அவன் வாய்க்குள் என்னமோ முணுமுணுத்தான்.

"என்ன மாப்ள?" என்று கட்டிலோரம் போய்க் குனிந்தேன். "கேக்கல. இன்னொரு தரம் சொல்லு."

"காத்தாடியக் கொஞ்சம் கூட்டி வைங்கன்னேன்."

கயிற்றை விடாமலே எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தேன்.